கழுத்து உடைந்த ரோமாபுரி ஜாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்கூட இல்லை, சோம்பேறித்தனம். 1946 கோடையில் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரை மேட்டைத் தொல்பொருள் இலாகாவினர் தோண்டினார்கள். அங்கே நான் குமாஸ்தா. கிடைத்த பொருளுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை.

'செம்மண் புழுதியில் சூரியன்...'

(இப்படித்தான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அன்று சூரியனை யார் பார்த்தார்கள்?)

2

கூலியாள் கண்ணையனின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது அந்த ஜாடி. கழுத்து தோளோடு உடைந்து, வாய் அகலமாகத் திறந்திருந்தது. அடி கூர்மையாக இருந்தது.

"செத்தவங்கள வைக்கிற தாழிதானுங்களே இது?"

எனக்குப் பசி. "ஆமாய்யா" என்றேன்.

சாயங்காலம் ஆபீசர் உள்ளே ஒட்டியிருந்த கறுப்புக் கீலைச் சுரண்டிப் பார்த்தார். மது கசியாமலிருக்கப் பூசியது, ரோமாபுரியிலிருந்து கப்பலில் மது வந்த ஜாடி என்றார். சீட்டை மாற்றி எழுதினேன். கண்ணையனிடம் சொல்லவில்லை. கூலியாளுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

[இந்த வரியை எடுத்துவிடப் பல தடவை பார்த்தேன். இருக்கட்டும்.]

3

மறுவாரம் கண்ணையனின் நாற்பது நாள் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அன்றே, கிடைத்த பொருள்களை வைத்திருந்த கொட்டகையில் ஜாடியைக் காணோம்.

கண்ணையன் என்னிடம் மட்டும் சொன்னான்: "ஆத்தோரம் நரி தோண்டிப்புடும்ங்க. தாழின்னீங்களே, அதான் அதுல வச்சுட்டேன்."

ஆபீசருக்கு இது தெரியாது. "அந்தச் சாராய ஜாடி பொழுது சாயுறதுக்குள்ள வரணும். இல்லேன்னா எல்லாரையும் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

4

கதைக்கு ஒரு முடிவு: நான் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன். ஜாடியைக் கழுவிப் பட்டணத்து மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள்.

இன்னொரு முடிவு: வாய் திறப்பதில்லை. போலீஸ்காரர்கள் கண்ணையனின் கையை...

(முடியவில்லை.)

5

முடிவு எதையும் எழுதவிடாமல் கண்ணையன் மனைவி கமலவேணி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது.

"சாராயப் பானைங்கறாரே ஆபீசரு. நீங்க தாழின்னு சொன்னீங்கன்னுதான் எங்க வூட்டுக்காரரு புள்ளைய அதுல வச்சாரு. எதுங்க நெசம்?"

"கமலவேணி, அது வந்து..."

நான் சொன்னதை எழுதமாட்டேன். மூன்று தடவை என்னை நல்லவனாக்கி எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய். வெட்கமாக இருக்கிறது.

அவள் இன்னும் நிற்கிறாள். இனி நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.