இருமலுக்கு ஒரு வினாடி முன்னால்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. மெர்வின் எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். காலண்டரில் தாள் கிழித்தான். பால் காய்ச்சிக் குடித்தான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். முக்குக் கடையில் நான்கு இட்லி வாங்கி மூன்றைத் தின்றான். சட்டையில் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டான். எட்டேகாலுக்கு பைக்கை எடுத்தான். சிவகாசியிலிருந்து விருதுநகர் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர். ஏழு மாதமாக இதில் ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் மட்டும் ஐந்து இட்லி வாங்கிப் பார்த்தான். சரிப்படவில்லை.

அவன் வேலை பார்த்த பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கட்டடத்தில் கரண்டு ஒன்று, துறைகள் நான்கு. கீழே மருத்துவமும் கணினியும் அடுத்தடுத்த அறை. எதிரே தொல்லியல். மாடியில் நானோ தொழில்நுட்பம். மாடிக்காரர்கள் பட்டாசுத் தொழிலாளிகளுக்காக வெள்ளித் துகள் பூசிய முகக்கவசம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் சூளையைப் போட்டால் கீழே கணினி அறையில் ஏசி படுத்துவிடும். தொல்லியல்காரர்களோ தோண்டி எடுத்த பானை ஓடுகளைக் கழுவி வராந்தா நெடுகக் காயப் போடுவார்கள். இரண்டாயிரம் வருஷத்துச் சாமான் என்று எல்லோரும் சுவரோரமாக நடப்பார்கள். ஒருமுறை கேன்டீன் கப் ஒன்று உடைந்து அங்கே கிடந்தது. மறுநாள் அதற்கும் நம்பர் ஒட்டி அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். தொல்லியல் இராமகிருஷ்ணன் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று புதன்கிழமை. மெர்வின் அறைக்குள் நுழையும்போதே கீர்த்திகா உட்கார்ந்திருந்தாள். நாரணாபுரத்துப் பெண். புதிதாகச் சேர்ந்த நர்ஸ்.

"சார், என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாகளா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. மெர்வின் கணினிக்கு இருமல் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தான். பட்டாசு ஆலையில் வெடிமருந்துத் தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு நுரையீரல் கெடுவது சீக்கிரம் தெரியாது. ஊதிப் பார்க்கும் கருவி பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யாரும் அங்கே போவதில்லை. போனில் இரண்டு இருமல் இருமினால் போதும், சந்தேகம் இருந்தால் கணினியே சொல்லிவிடும் என்பது திட்டம். விஸ்வநத்தம், நாரணாபுரம், ஆனைக்குட்டம் என்று இரண்டு வருஷம் அலைந்து ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரின் இருமலைப் பதிவு செய்தவள் ஜெனிட்டா. திட்டத்தின் நர்ஸ். மெர்வினின் மனைவி.

அவளுடைய பதிவுகளில் கணினி நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரியாகச் சொன்னது. அவளுக்குப் பிறகு வந்த கீர்த்திகா இருநூறு பேரைப் பதிவு செய்தாள். அதில் ஐம்பத்தெட்டு. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும்.

வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. காரணம் சொல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

"நானும் அதே போன்லதான் எடுக்கேன் சார். அதே தூரம். அதே கேள்வி. அக்கா எப்படி எடுத்தாகன்னு ஒரு நாலு ஃபைல் கேட்டுப் பாக்கட்டா?"

மெர்வின் திரையைப் பார்த்தபடி, "கேளுங்க" என்றான்.

அவன் கேட்டதில்லை. ஏழு மாதமாக அந்த ஒலிகளை வரைபடமாகத்தான் பார்த்தான். கோடு ஏறும், இறங்கும். ஹெட்போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டான். ஏன் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. இராமகிருஷ்ணன் மட்டும் ஒருநாள், "ஏலே, காதுல போடாம இருமல ஆராய்ச்சி பண்ணுத ஒரே ஆளு நீதாம்ல" என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு பானை ஓட்டைக் கையில் எடுத்து அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீர்த்திகா நாலு ஃபைல் என்றவள் பதினொரு மணி வரை கேட்டாள். நடுவில் தானாகச் சிரித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், அக்கா ரெண்டு விதமா பேசுறாக."

"யார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேக்கணும். பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தோம்."

"கேள்வி ஒண்ணுதான். கடைசில சொல்லுறது வேற. சில ஆளுககிட்ட 'எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்'னு சந்தைல ஏலம் விடுத மாதிரி சொல்லுறாக. சில ஆளுககிட்ட 'பைய, அவசரமே இல்ல'ன்னு சொல்லுறாக. அப்படிச் சொல்லுற ஆளுகளுக்கெல்லாம் பேருக்கு நேரா நீங்க நோயின்னு போட்டிருக்கீக."

"கணினிக்கு அவ குரல் போகாது. இருமல் மட்டும்தான் வெட்டி எடுத்திருக்கேன்."

"ஒரிஜினலோட வெட்டுன ஃபைலயும் கேட்டேன் சார். அதுலயும் அக்கா குரல் கடைசித் துண்டு ஒட்டியிருக்கு."

மாடியில் சூளையைப் போட்டார்கள். ஏசி நின்றது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இருமலுக்குக் கால் வினாடி முன்னால் வெட்ட வேண்டும். அதுதான் முறை, அவனும் அப்படித்தான் ஆரம்பித்தான். கல்யாணமாகி எட்டு மாதம் அப்போது. ஜெனிட்டா முறுக்குப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெட்டிய முதல் ஃபைலைக் கேட்டாள்.

"ஏங்க, நான் பேசுனத எங்கன காணோம்?"

"அது வேண்டாம்."

"வெயில்ல அலைஞ்சது நானு. இருமுனவுக மட்டும் இருப்பாக, நான் இருக்க மாட்டனாக்கும்? ஒரு ஓரமா வச்சா கம்ப்யூட்டரு கோவிச்சுக்கிடுமா?"

அவன் கால் வினாடியை ஒரு வினாடி ஆக்கினான். ஒரு வினாடியில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தான். புதுப் பெண்டாட்டி கேட்டு மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் செய்த வேலை. வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

இழுப்பறையைத் திறந்தான். ஹெட்போனில் தூசி. கீர்த்திகா, "நான் டீ குடிச்சிட்டு வாரேன் சார்" என்று எழுந்து போனாள். அவள் டீ குடிப்பதில்லை.

முப்பத்தேழாம் ஃபைல். "...ங்க பாப்போம்." பிறகு ஓர் ஆணின் இருமல். மெர்வின் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. குரல் குரலாக இருந்தது. கொஞ்சம் மூக்கடைப்பு.

அடுத்தது. "...சரமே இல்ல." இருமல்.

பெயரையும் நோயையும் மறைத்துக்கொண்டு நாற்பது ஃபைல் கேட்டான். பென்சிலால் குறித்தான். பிறகு ஒத்துப் பார்த்தான். நாற்பதில் முப்பத்தாறு சரி. இருமலை அவன் கவனிக்கவே இல்லை.

மதியம் சாப்பிடாமல் கணினியை வேறு மாதிரி சோதித்தான். இருமலை முழுக்க வெட்டிப் போட்டுவிட்டு, அவளுடைய அந்த ஒரு வினாடியை மட்டும் கொடுத்தான். தொண்ணூற்று ஒன்று வந்தது.

திட்டத்தின் தலைவர் டாக்டர் ஞானதீபம். நெஞ்சு நோய் நிபுணர். மெர்வினும் ஜெனிட்டாவும் போகும் சர்ச்சில் இந்த அம்மாவும் உண்டு. பாடகர் குழுவில் எல்லோருக்கும் முந்திப் பாடிவிடுவார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"அப்ப ரெண்டு வருஷமா இது இருமலையே கேக்கலியா?"

"இல்ல மேடம். ஜெனிய கேட்டிருக்கு."

"அவளுக்கு எப்படித் தெரியும்? நாம கூலி குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊதிப் பாத்த ரிசல்ட்டு பத்து நாள் கழிச்சுல்லா வரும்."

"ஆளு நடந்து வர்றதப் பாத்திருப்பா. உக்காரும்போது மூச்சு வாங்குறதப் பாத்திருப்பா. தெரிஞ்சவுடனே குரல் இறங்கிருக்கு. அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

"நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு." ஞானதீபம் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ஸ்டெதாஸ்கோப் வச்சே அம்புட்டு சொல்ல மாட்டேன்யா. இத மொதல்லயே கண்டுபிடிச்சிருந்தா இந்தக் கம்ப்யூட்டரே வாங்கியிருக்க வேண்டாம். அவளுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்திருக்கலாம்."

மெர்வினுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்த சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"கால் செகண்டு வைக்க வேண்டிய எடத்துல நீ ஏன் ஒண்ணு வச்ச?"

"அவ கேட்டா மேடம்."

ஞானதீபம் அவனை ஒருமுறை பார்த்தார்.

"சரி. அவ குரல எல்லாத்துலயும் வெட்டு. திரும்பப் படிக்க வை. எவ்வளவு வருதோ அதச் சொல்லுவோம். அப்புறம் மெர்வின்..." தாளை மடித்தார். "வெட்டாத ஒரிஜினல் எல்லாம் இன்னும் இருக்குல்லா?"

"இருக்கு."

"இருமல மட்டும்தான் வச்சிருப்போம்னு எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கோம். வெட்டி முடிச்சதும் ஒரிஜினல அழிச்சிருக்கணும். குழு வரும்போது அது இருந்துச்சுன்னா வம்பு. நீ அழிக்கியா, நான் வேற ஆளு விடட்டா?"

"நானே செய்யுறேன்."

வெட்டுவது பெரிய வேலை இல்லை. நிரலில் ஒன்று என்று இருந்த இடத்தில் கால் என்று மாற்ற வேண்டும். ஒரு எண். வியாழக்கிழமை காலை அதை மாற்ற அவனுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் வராந்தாவில் இராமகிருஷ்ணனிடம் போய்ப் பானை ஓட்டைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுவிட்டு வந்தான். இராமகிருஷ்ணன் மூன்றுக்கும் விரிவாகப் பதில் சொன்னான். ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

மாற்றினான். ஓடவிட்டான். பதினொன்றரைக்கு முடிவு வந்தது. ஜெனிட்டாவின் இருமல்களில் எழுபத்து நான்கு. கீர்த்திகாவின் இருமல்களில் எழுபத்திரண்டு.

கீர்த்திகா திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள்.

"எழுவத்திரண்டா? சார், பிளஸ் டூ கெமிஸ்ட்ரில கூட நான் எழுவது தாண்டுனதில்ல!"

"இப்பதான் இருமலக் கேக்குது. இன்னும் ஆயிரம் பேரு எடுத்தா ஏறும்."

"நான் எடுக்கேன் சார். சீசன் முடியுததுக்குள்ள எடுத்திருவேன். நாரணாபுரத்துல எல்லாரும் எனக்கு அத்த, சித்திதான். இருமச் சொன்னா ரெண்டு தடவ சேத்தே இருமுவாக."

ஞானதீபம் வந்து பார்த்துவிட்டு, "நம்ம மார்க்கு இதுதான். நேர்மையான மார்க்கு. நாளைக்கு இதக் காட்டுவோம், தப்பயும் சேத்தே சொல்லுவோம். மூட மாட்டாங்க" என்றார். போகும்போது அவன் தோளில் ஒரு தட்டு. கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

இனி அழிக்க வேண்டியதுதான் பாக்கி.

கீர்த்திகா குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒண்ணே ஒண்ணு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் நினைக்காமல் இல்லை. வீட்டில் ஜெனிட்டாவின் குரல் வேறு எதிலும் இல்லை. இருவரும் போனில் பேசினார்களே ஒழிய அதைப் பதிந்து வைக்க யாருக்குத் தோன்றியது? கல்யாண வீடியோவில் பாட்டுதான் கேட்கும். பென்டிரைவ் சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஒவ்வொண்ணுலயும் இன்னொருத்தவுக நோயும் இருக்கு கீர்த்திகா. மருமகளுக்கே தெரியாதத ஜெனிகிட்ட சொல்லியிருக்காக. அத எப்படி வீட்டுக்குக் கொண்டு போறது?"

அவள் தலையாட்டினாள். இந்தமுறை டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லாமலே வெளியே போனாள்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்றை ஒரே கட்டளையில் அழித்தான். நான்கு வினாடி. கடைசியை மட்டும் விட்டுவைத்தான். கேட்டுவிட்டு அழிப்பது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான்.

அந்த ஃபைலில் நேரம் இருந்தது. காலை பதினொன்று பதினாறு. நாரணாபுரத்தில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் கொட்டகை. பதினொன்று இருபதுக்கு ஜெனிட்டா அங்கே சரிந்து விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்று பிறகு டாக்டர்கள் படம் வரைந்து காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை, பேசவில்லை.

ஆனால் ஊரார் வாயில் அவள் கடைசி வார்த்தை பேசிக்கொண்டே இருந்தாள். கர்த்தாவே, உமது சித்தம் என்று சொன்னாளாம். ஆறுதல் கூட்டத்தில் உபதேசியார் அப்படித்தான் சாட்சி சொன்னார். அவரு பத்திரம் என்று சொன்னதாக அவளுடைய பெரியம்மா. எனக்கு நேரம் வந்துவிட்டது என்று சொன்னதாக எதிர்வீட்டில். மெர்வின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இதில் எது நிஜம் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்க இந்த ஃபைல் ஒன்றுதான் இருந்தது.

ஹெட்போனை மாட்டினான். அழுத்தினான்.

கொட்டகையில் பசை கிண்டும் சத்தம். பெண்கள் பேச்சு. யாரோ எதற்கோ திட்டு வாங்கினார்கள். பக்கத்தில் ஜெனிட்டா.

"பேரு சொல்லுங்கக்கா."

"தங்கத்தாயி. இது ரேடியோல வருமா?"

"வரும் வரும். ஆறரை மணி செய்திக்கு முன்னாடி. எங்க, ஒண்ணு போடுங்க பாப்போம்."

தங்கத்தாய் இருமினாள். பெரிய இருமல். கொட்டகையே சிரித்தது. அப்படியானால் நெஞ்சு சுத்தம் என்று மெர்வின் நினைத்தான். 'பாப்போம்' என்று சொல்லிவிட்டாளே.

"எம்மா, இது சரியா வரல. இன்னொருக்க இருமட்டா?"

ஜெனிட்டா சிரித்தாள். மூக்கடைத்த சிரிப்பு. நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"போதும்க்கா. மிச்சத்த ஒங்க வீட்டுக்காரருக்கு வச்சுக்கோங்க."