நாத்தனார் பேசும்போது

என் நாத்தனாரும் நானும் ஒரே காலத்தில் நாடாளுமன்றத்தில் இருந்தோம். அவள் ஆளுங்கட்சி, நான் எதிர்க்கட்சி. நடுவில் மாட்டியவர் என் வீட்டுக்காரர். தங்கச்சியையும் பகைக்காமல் பெண்டாட்டியையும் பகைக்காமல் ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டே குடித்தனம் நடத்தினார். இப்போது நாங்கள் இருவருமே முன்னாள்கள். ஆனாலும் அவளைக் கடையில் பார்ப்பவர்கள், "உங்க பேச்சை விடாம கேப்போம்மா" என்பார்கள். என்னைப் பார்த்தால், "எங்கயோ பாத்த முகமா இருக்கே" என்பார்கள். வயிறு எரியுமா எரியாதா?

போன மாதம் நாடாளுமன்ற நூலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். புதிய உறுப்பினர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். அவையில் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க முன்னாள் உறுப்பினர் ஒருவர் வேண்டுமாம். எங்கள் இருவரில் ஒருவரை, அவைப் பதிவைப் பார்த்து முடிவு செய்வார்களாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் எழுந்து நின்று பேசாத நாள் உண்டா? அவளோ எப்போதாவது ஒரு முறைதான் பேசுவாள்.

அதிகாரி மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தார். நாத்தனாரையும் வரவழைத்தேன். தோற்கிறவள் நேரில் பார்க்க வேண்டாமா? என் பெயரைத் தட்டியதும் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. பெருமையோடு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"'அதெல்லாம் பொய்!' குறுக்கீடு. 'ஆதாரம் எங்கே?' குறுக்கீடு. 'இது பட்ஜெட்டா, சமையல் குறிப்பா?' குறுக்கீடு." நிமிர்ந்தார். "ஏம்மா, எல்லாமே என் தங்கச்சி பேசும்போதுதானே இருக்கு?"

"மேடம் தனியா பேசினதும் இருக்கு சார்," என்றார் அதிகாரி. "கொஞ்சம் கீழ போகணும்."

நாத்தனார் சிரித்திருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. "விடுண்ணா, அண்ணி கேட்டதெல்லாம் நியாயமான கேள்விதான்," என்றாள். பெருந்தன்மை வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாய்ப்பு அவளுக்கே போனது. "அண்ணி, நீங்களும் கண்டிப்பா வரணும்," என்று கூப்பிட்டாள். போனேன். வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு போனேன். நான் இல்லாமல் அவள் பேச்சு என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

வழவழா கொழகொழா என்றுதான் இருந்தது. காகிதத்தைப் பார்த்தே படித்தாள். புதிய உறுப்பினர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி நிறுத்தி, நான் இருந்த பக்கம் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனசுக்கு அத்தனை இதமாக இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"மேடம், நீங்க கொண்டுவந்த குடிநீர் மசோதா படுத்துடுச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நாத்தனார் காகிதத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், பழைய குரல் வந்துவிட்டது, பழைய கைவீச்சும் வந்துவிட்டது. அவன் இன்னொரு கேள்வி போட்டான், மடக்கினாள். மறுபடியும் போட்டான். போன்களெல்லாம் பைக்குள் போயின. அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சேரவேண்டியது. அவையில் என்னைத் தவிர வேறு யாரைப் பார்த்தும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எனக்குத் தாங்கவில்லை. நேற்று முளைத்த காளான், இவனுக்கு என்ன உரிமை? விருட்டென்று எழுந்தேன்.

"தம்பி, உட்காருங்க. இவங்களைக் கேள்வி கேக்கறதுக்கு நான் இருக்கேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. நாத்தனார் அந்தப் பையனை மறந்தே போனாள். மைக் முன்னால் நிற்கிறோம் என்பதையும் மறந்துவிட்டாள்.

"இவ்வளவு நேரம் எங்க போனீங்க அண்ணி?" என்றாள்.