நாற்பத்தோராவது பட்டியல்

டங்கனைக் கேட்காமல் அந்த மெல்பர்ன் குளிர்கிடங்கில் யாரும் எதையும் வாங்குவதில்லை. மேற்பார்வையாளர் பெட்ரா வாஷிங் மெஷின் வாங்கியது அவன் சொல்லித்தான். கேட் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி போன் வாங்கியதும் அப்படித்தான். மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் உறைந்த பட்டாணிப் பெட்டிகளை அடுக்குகிறவனுக்கு வேறு எங்கும் மரியாதை கிடையாது. ஆனால் காலை பத்து மணி இடைவேளையில், இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்தபடி டங்கன் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் மெல்லுவதை நிறுத்துவார்கள். முப்பத்தாறு வயதில் அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வீடு வாடகை வீடு. கார் அக்காவுடையது. கூட யாரும் இல்லை.

கணினி என்று வந்துவிட்டால் அவன் இன்னும் பெரிய ஆள். உதிரி பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கணினி கட்டுகிறவர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறான். அங்கே அவன் பெயர் ‘திருப்புளி’. பதினான்காயிரம் பதிவுகள். பெர்த்திலிருந்தோ கெய்ர்ன்ஸிலிருந்தோ யாராவது வந்து, கையில் இவ்வளவுதான் காசு இருக்கிறது, விளையாட ஒரு கணினி வேண்டும் என்று கேட்டால், ஒரு மணி நேரத்துக்குள் எதை எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவான்.

அவன் ஒரு கணினியைக்கூடத் தன் கையால் கட்டியதில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தனக்கென்று ஒன்று கட்டத்தான் பதினோரு வருடமாகத் திட்டம் போடுகிறான். வாங்கப் போகிற வாரத்தில் புதிய கிராபிக்ஸ் கார்டு வரப்போவதாகச் செய்தி வரும். பொறுப்பான். புதியது வரும். அதன் விலை இறங்கட்டும் என்று பொறுப்பான். இறங்கியதும் அது பழையதாகிவிடும். பழையதைக் காசு கொடுத்து வாங்க அவன் என்ன ஏமாளியா? இப்படியே, அக்கா கழித்துப்போட்ட மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். அதன் ‘ந’ எழுத்து வேலை செய்யாது.

பிப்ரவரியில் லஃபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லஃபி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமோவாக்காரன். முழுப் பெயர் லஃபாயெலே. யாரைப் பார்த்தாலும் ‘உசோ’ என்பான், கூடப்பிறந்தவன் என்று அர்த்தம். முதலாளியையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

“உசோ, ஆயிரத்து இருநூறு டாலர் சேர்த்து வச்சிருக்கேன். ஒரு டாலர் கூடிச்சுன்னாலும் என் பொண்டாட்டி லூப்பே என்னை வெளிய படுக்கவச்சிடுவா. நியூசிலாந்துல இருக்கானே என் தம்பி, அவனோட கார் ரேஸ் ஆடணும். என்ன வாங்கட்டும்?”

“திரையில நொடிக்கு எத்தனை படம் ஓடணும்?” என்றான் டங்கன்.

“கார் ஓடினா போதும் உசோ.”

“அப்படிச் சொல்லக் கூடாது. ரெண்டு நாள் குடு.”

இரண்டு நாளில் முதல் பட்டியல் வந்தது. அதை மன்றத்தில் போட்டான். அதுதான் அங்கே வழக்கம். பட்டியலைப் போட்டால் நாலு பேர் வந்து குறை சொல்ல வேண்டும். வந்தார்கள். நாற்பது டாலர் கூடப் போட்டால் அடுத்த புராசஸர் கிடைக்குமே என்றான் ஒருவன். அந்த புராசஸருக்கு இந்த மதர்போர்டு அவமானம், இன்னும் அறுபது போடச் சொல் என்றான் அடுத்தவன். இவ்வளவும் போட்டுவிட்டு இந்த பவர் சப்ளையை வைத்தால் வீடு எரியும் என்றான் மூன்றாமவன். மூன்றாம் பக்கத்தில் கணக்கு இரண்டாயிரத்து எழுநூறைத் தொட்டது. ஹோபார்ட்டிலிருந்து ஒருவன், உன் நண்பனிடம் கார் இருக்கிறதா, அதை விற்கலாமே, வீட்டிலேயே ஓட்டப்போகிறவனுக்குக் கார் எதற்கு என்று கேட்டான். அதற்கு இருபத்தாறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

டங்கன் அத்தனை பேரோடும் மல்லுக்கட்டித் தொகையைப் பழையபடி கீழே கொண்டுவந்தான். வாரத்துக்கு இரண்டு முறை பட்டியல் மாறியது. வாராவாரம் லஃபி கேட்டான்.

“இப்ப வாங்கலாமா உசோ?”

“பொறு. செப்டம்பர்ல விலை சரியும்.”

“போன தடவ ஏப்ரல்னு சொன்னியே.”

“அது அப்ப இருந்த நிலவரம்.”

“என் தம்பி பக்கத்து வீட்டுக்காரனோட ஆட ஆரம்பிச்சிட்டான்டா.”

“பொறுத்தவன்தான் லஃபி நல்ல கார்டு வாங்குவான்.”

முப்பத்தெட்டாவது பட்டியலில் டங்கன் ஒரு வேலை செய்தான். கணினியின் பெட்டியை, அதாவது கேபினெட்டை, பதினான்கு டாலர் மலிவான இன்னொன்றுக்கு மாற்றினான். மிச்சமான பதினான்கை மெமரியில் போட்டான். நாற்பத்தோராவது பட்டியல் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு டாலரில் வந்து நின்றது. மன்றத்தில் ஒருவனாலும் குறை சொல்ல முடியவில்லை. டங்கன் அதை அச்செடுத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டான். செப்டம்பர் வரை அதைத் தொட வேண்டியதில்லை என்று நினைத்தான்.

ஜூன் கடைசி வாரம், வரிக்கணக்கு முடிகிற நேரத்துத் தள்ளுபடியில், லஃபி எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட்டான்.

“உன் பட்டியல்ல உள்ளது அத்தனையும் வந்தாச்சு உசோ. லூப்பே கேட்டா, உன் சிநேகிதன் சொல்ற செப்டம்பர் எந்த வருஷத்து செப்டம்பர்னு. எனக்குப் பதில் தெரியல, வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வீட்டுக்கு வந்துடு. நீதான் சேர்த்துத் தரணும்.”

“ஞாயித்துக்கிழமையா?” என்றான் டங்கன். “எனக்கு முதுகு கொஞ்சம்…”

“முதுகுலயா கம்ப்யூட்டர் சேர்ப்ப?” என்று பெட்ரா குறுக்கே விழுந்தாள். அறையே சிரித்தது. டங்கனும் சிரித்தான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டுப் பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லஃபி வீட்டில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பில், கோயிலிலிருந்து நேராக வந்தவர்கள். சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையும், பன்றிக்கறியும் இருந்தன. டங்கனுக்கு முதலில் பரிமாறினார்கள். அவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடுகிற வரைக்கும் வேலையைத் தொட வேண்டியதில்லை. நான்காவது தடவை தட்டை நீட்டியபோது லூப்பே அதை வாங்கிக் கழுவப் போட்டுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் பாய் விரித்து அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். லூப்பேயின் அப்பா அவர்கள் கோயிலில் ஜெபம் நடத்தும் டீக்கன். எழுந்து நின்று ஜெபம் செய்தார். சமோவ மொழியில் நீண்டு போன அந்த ஜெபத்தின் நடுவில் ‘கிராபிக்ஸ் கார்டு’ என்று இரண்டு முறை கேட்டது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் டங்கன்.

“ஆரம்பிங்க தம்பி” என்றார் பெரியவர்.

“முதல்ல ஒரு விஷயம்” என்றான் டங்கன். “உடம்புல இருக்கற மின்சாரம் பட்டா எல்லாம் போச்சு. கம்பளி ஆகவே ஆகாது. எல்லாரும் காலுறையைக் கழட்டிடுங்க.”

மெல்பர்ன் ஜூலைக் குளிரில் பதினான்கு பேர் காலுறையைக் கழற்றினார்கள். அதில் ஆறு நிமிடம் போனது. பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காட்டி, இது என்ன விலை, மார்ச்சில் என்ன விலை இருந்தது, பிரிஸ்பேனில் என்ன விலை என்று விளக்கினான். அதில் இருபது நிமிடம்.

“திருப்புளி கொண்டு வந்திருக்கீங்களா?” என்று லூப்பே கேட்டாள்.

டங்கன் பையைத் துழாவினான். பையில் பட்டியல்தான் இருந்தது. லூப்பே சமையலறை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

புராசஸரை எடுத்தான். ஒரு பிஸ்கட் அளவு இருக்கும். அதன் மூலையில் இருக்கும் தங்க முக்கோணம் மதர்போர்டில் இருக்கும் முக்கோணத்தோடு சேர வேண்டும். இதைப் பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது அதைத் திருப்பத் திருப்ப முக்கோணம் நாலு மூலையிலும் இருப்பது போல் தெரிந்தது.

“டங்கன், இது நீங்க கட்டற எத்தனாவது கம்ப்யூட்டர்?” லூப்பே மெதுவாகத்தான் கேட்டாள்.

“எண்ணி வச்சுக்கறதில்லைங்க.”

அவள் அவன் கையைப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் காதுக்கருவிகளுக்குப் பொட்டு பேட்டரி மாற்றுகிற விரல்கள் அவளுடையவை. “நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்” என்று புராசஸரை வாங்கிக்கொண்டாள். மதர்போர்டோடு வந்த கையேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். மன்றத்தில் அதை யாரும் பிரித்ததாக டங்கன் கேள்விப்பட்டதே இல்லை.

அதன்பின் அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். அவள் கையேட்டைப் பார்த்துச் செய்தாள். அவன் சொன்னதும் கையேடும் ஒத்துப்போனபோது தலையாட்டினாள். ஒத்துப்போகாதபோதும் தலையாட்டிவிட்டுக் கையேட்டின்படி செய்தாள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தது. புராசஸரின் தலைமேல், அதன் சூட்டைத் தணிக்கிற கூலர் கோபுரம் மாதிரி நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவை மூடுவது மட்டும்தான் பாக்கி.

மூடவில்லை. கூலர் தடுத்தது.

“லேசா அழுத்தினா போயிடும்” என்று லஃபி உள்ளங்கையை வைத்தான். நூற்று முப்பது கிலோ ஆள்.

“கையை எடுடா! கண்ணாடி!” டங்கன் கத்தினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். “இது நம்ம தப்பில்ல. கம்பெனிக்காரன் அளவை மாத்திப் போட்டுட்டான்.”

லூப்பே கேபினெட்டோடு வந்த தாளை எடுத்து வாசித்தாள். “கூலர் உயரம் நூத்தி அறுபது மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.” கூலரின் அட்டைப்பெட்டியைத் திருப்பினாள். “இது நூத்தி அறுபத்தஞ்சு.”

பதினான்கு பேரும் டங்கனைப் பார்த்தார்கள். பெட்டியை மலிவானதாக மாற்றிய முப்பத்தெட்டாவது பட்டியல் அவனுக்கு ஞாபகம் வந்தது. வேறு பொய் எதுவும் கைவசம் இல்லை.

“நான் இதுக்கு முன்னாடி ஒண்ணுகூடக் கட்டினதில்ல” என்றான். “எங்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது. அக்கா குடுத்த லேப்டாப்தான்.”

லஃபியின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“கட்டத் தெரியலன்னா போகுதுடா. அது பெருசில்ல. அஞ்சு மாசம் என்னைக் காக்க வச்சியே, அது எதுக்கு? ஒண்ணுமே வாங்காதவன் எங்கிட்ட பொறு பொறுன்னியே? அஞ்சு மாசம்டா! என் தம்பி இப்ப அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் உசோங்கறான்!”

“விடு லஃபி” என்றாள் லூப்பே. “கதவு இல்லாட்டி என்ன, காத்து நல்லா வரும்.” ஸ்விட்சைப் போட்டாள்.

முதல் தடவையிலேயே ஓடியது. நிறம் நிறமாக விளக்கு எரிந்தது. ஜெபத்தினால்தான் என்றார் பெரியவர். யாரும் மறுக்கவில்லை. லஃபி தம்பிக்குப் போன் போடப் போய்விட்டான். டங்கன் புறப்பட்டபோது லூப்பே தாளில் சுற்றிய பன்றிக்கறியை அவன் கையில் திணித்தாள். எந்த விருந்தாளிக்கும் கொடுப்பதுதான். அவன் காலுறையை மறந்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

“நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத” என்றாள் பெட்ரா. “நீ எங்க துணி துவைக்கற?”

டங்கன் கையிலிருந்த பேஸ்ட்ரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அக்கா வீட்ல.”

அதற்குமேல் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கிண்டல்கூட இல்லை. பெட்ரா லஃபியிடம் லூப்பேயின் நம்பரை வாங்கினாள். தன் மகளுக்கு ஒன்று கட்ட வேண்டுமாம். காவலாளியும் வாங்கிக்கொண்டான். டங்கன் ஒருமுறை வாயைத் திறந்து, மெமரி விலை அடுத்த மாதம் இறங்கும் என்றான். எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அக்காவின் மடிக்கணினியைத் திறந்து மன்றத்தில் எழுதினான். ‘ந’ வராததால் அந்த எழுத்தை வேறெங்கிருந்தோ வெட்டி வெட்டி ஒட்டினான். நான் இதுவரை கணினி கட்டியதே இல்லை, லஃபிக்குப் போட்ட பட்டியலில் கூலர் பெட்டிக்குள் அடங்கவில்லை, கட்டியது அவன் மனைவி, இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் கேள்விஞானம். எழுதிவிட்டு, லூப்பே எடுத்து அனுப்பியிருந்த அந்தக் கணினியின் படத்தையும் போட்டான். பதினோரு வருடப் பெயர் போகட்டும் என்று அனுப்பினான்.

அறுபத்து மூன்று பதில்கள் வந்தன. நாற்பது பேர் அந்த கூலரை யாராவது வாங்குவார்களா என்று சண்டை போட்டார்கள். பத்துப் பேர் ஒயர்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று வியந்தார்கள். ஹோபார்ட்காரன், கதவைத் திறந்து வைத்தது நல்ல உத்தி, நான்கு டிகிரி குறையும் என்றான். ‘நகைச்சுவை பிரமாதம்’ என்றான் ஒருவன். மன்றத்தின் நிர்வாகி அந்தப் பதிவை எல்லாருக்கும் முதலில் தெரியும்படி மேலே ஒட்டிவைத்தார்.

தனிச்செய்தி ஒன்றும் வந்திருந்தது. டார்வினிலிருந்து யாரோ ஒரு பெண். ‘தொள்ளாயிரம் டாலர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டும். என்ன வாங்கட்டும்?’

டங்கனின் விரல்கள் பழக்கத்தில் புராசஸர் பெயரை அடித்துவிட்டன. அழித்தான். ‘எனக்குத் தெரியாது’ என்று அடித்து அனுப்பினான்.

‘சரி, வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்’ என்று பதில் வந்தது. இரண்டு நிமிடத்தில் வேறு யாரோ அவளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.