எட்டேகால் பஸ்

வேனிலிருந்து நான்கு பேர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அமிர்தசாமி, தங்கராசுவின் தோளில் கிடந்த ரெக்சின் பையைக் கழற்றி வாங்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பக்கச் சந்து வழியாக வீட்டின் பின்பக்கம் போனார். பெட்டியில் வந்திருந்தது அவருடைய ஒரே மகன் சாவியோ. பையும் அவனுடையதுதான். பீங்கான் கம்பெனி வேலையாக, கூட வேலை பார்க்கும் தங்கராசுவோடு புதன்கிழமை ஊட்டிக்குப் போனவன், வெள்ளிக்கிழமை காலை அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஆற்றில் பிணமாகக் கிடந்தான். இன்று சனிக்கிழமை.

பின்பக்கம், வருகிறவர்களுக்கு டீ போட விறகடுப்பு மூட்டியிருந்தது. டீ போடும் பெண் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அமிர்தசாமி பையைத் திறந்தார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பேப்பரில் சுற்றிய பியூஸ் கட்டைகள் ஆறு, ஒரு ஆர்டர் புத்தகம். புத்தகத்துக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. மகனின் கையெழுத்து.

5.10 பஸ். 6.20 இறங்கணும். 6.30 முதல் 8.00 மீன். 8.15 பஸ். 9.30 லாட்ஜ், குளியல். 9.50 லிசாவுக்கு வர்க்கி. 10.30 கடை, சாம்பிள்.

அதற்குக் கீழே ஒரு தூண்டில் முள்ளின் படம். சேவல் இறகு, கறுப்பு நூல், ஈ மாதிரி கட்டணும், புழு கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தான்.

அமிர்தசாமியின் கண் மற்ற எல்லாவற்றையும் தாண்டி மீன் என்ற சொல்லில் போய் நின்றது.

"அத பத்தரமா வைங்க ஐயா." தங்கராசு பின்னாலேயே வந்திருந்தான். "வியாழக்கெழம சாயங்காலம் உக்காந்து எழுதுனாரு. டிரவுட்டுனு ஒரு மீனாம். வெள்ளக்காரன் கொண்டாந்து வுட்டதாம். இறகுல ஈ மாரி கட்டித் தண்ணி மேல ஆட்டுனா எகிறி வந்து கவ்வுமாம். சின்னப் புள்ளையாட்டம் சொல்லிக்கினே இருந்தாரு. லாட்ஜ் வாட்ச்மேன்கிட்ட கோலு வாங்கினு போனாரு. நானும் வரேன்னதுக்கு, நீ தூங்குடா, நீ வந்தா மீனு பயந்துக்கும்னாரு."

"போலீசுல என்ன சொன்ன?"

"எதுக்குப் போனாருன்னு தெரியாதுன்னேன். கம்பெனி வேலையா வந்துட்டு மீன் புடிக்கப் போனாருன்னா மொதலாளி என்னையும் சேத்துல்ல திட்டுவாரு. வாட்ச்மேனும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டான். கோலு ஆத்தோட போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. ஆத்தோரமா ஒரு பார்ட்டியப் பாக்கப் போனான், கால் வழுக்கிருச்சு. கேக்கறவங்களுக்கு இதான் பதில். மீன் பேச்சு இந்த வூட்டுல வரக் கூடாது."

"ஐயா..."

"வரக் கூடாதுன்னேன்."

தாள் அடுப்பில் போயிற்று. ஈரம் இல்லாத தாள். உடனே பிடித்துக்கொண்டது.

அமிர்தசாமி விருத்தாசலம் ஜங்ஷனில் முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அவருடைய அப்பா அதே ஸ்டேஷனில், வேலை நேரத்தில், கையில் பச்சைக்கொடியோடு மாரடைத்து விழுந்தவர். அந்தச் சாவை இந்தக் குடும்பம் மெடல் மாதிரி வைத்திருந்தது. எட்டாவது படிக்கும்போது சாவியோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மணிமுத்தாற்றில் தூண்டில் போட்டான் என்று தெரிந்ததும், தெருவே பார்க்க பெல்ட்டால் அடித்தார். பிறகு அவனைப் பீங்கான் கம்பெனியில் சேர்த்துவிட்டபோது முதலாளி தர்மராஜிடம் சொன்னது ஒரே வாக்கியம். "எங்க வூட்டுப் புள்ள உங்க நேரத்துல ஒரு நிமிஷம் திருட மாட்டான்."

இப்போது அந்த வாக்கியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார்.

மருமகள் லிசா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. மடியில் போலீசார் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பை. அதில் சாவியோவின் ஷூ.

"மாமா, அவரு பையில எதாச்சும் இருந்துச்சா? எனக்கு எதாச்சும் எழுதியிருந்தாரா?"

"ஒண்ணுமில்லம்மா. துணிதான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தனிக்குடித்தனம் போகலாம் என்று அவள் கேட்டு, அப்பாவை விட்டு வர முடியாது என்று அவன் சொல்லி, பத்து நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. புதன்கிழமை காலையில் அவன் செருப்பலமாரிக்குப் பக்கத்தில் நின்று, "போயிட்டு வரேன்" என்று இரண்டு தடவை சொன்னான். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. இது அமிர்தசாமிக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு முதலாளி தர்மராஜ் பெரிய மாலையோடு வந்தார். கம்பெனி ஆட்கள் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். மாலையை வைத்துவிட்டு அமிர்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்டிங்க பெரியவரே ஆச்சு?"

"வேலை மேல போன எடத்துல. ஆத்தோரமா பார்ட்டியப் பாக்கப் போயிருக்கான்."

"ஆத்தோரமா எந்தப் பார்ட்டி?" தர்மராஜ் தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார். "நமக்கு ஊட்டி டவுன்ல ஒரே ஒரு கடைதானேப்பா. அதுவும் பத்தரைக்குத்தான் தொறப்பான். விடியக்காலையில, அவ்ளோ தூரத்துல யாரு?"

தங்கராசு தரையைப் பார்த்தான்.

"ஷூவக் கழட்டிப் பாறை மேல ஜோடியா வெச்சிருந்துச்சாமே" என்றார் கம்பெனி ஆட்களில் ஒருவர், மெதுவாக. "சாக்ஸக் கூட மடிச்சு உள்ளார வெச்சிருந்தாராம்."

தர்மராஜ் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "சரி வுடுங்க, வுடுங்க. இப்ப எதுக்கு அதெல்லாம்." அந்த இரக்கத்தில்தான் அமிர்தசாமிக்கு விஷயம் உறைத்தது. லிசா ஷூ இருந்த பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

மூன்றரைக்குப் பங்குச் சாமியார் வந்தார். பெட்டிக்கு ஜெபம் சொல்லி மந்திரிக்கும் முன் அமிர்தசாமியைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். கூடவே, கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையின் சார்பில் தனக்கோடியும் வந்தார். வெற்றிலைக் கடை வைத்திருப்பவர், அமிர்தசாமியின் வயசுதான்.

"ஐயா, நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது" என்றார் சாமியார். "இந்தப் பங்குல ஒரு கட்டுப்பாடு இருக்குதுன்னு சொல்றாங்க. தானா உயிர மாய்ச்சுக்கிட்டவங்கள கோயிலுக்குள்ள எடுத்துட்டுப் போறதில்ல. மணி அடிக்கறதில்ல. கல்லறையில பின்செவுத்துப் பக்கம்தான். ஊர்ல பேச்சு கெளம்பிடுச்சு. நீங்க சொல்லுங்க. தம்பி அங்க எதுக்குப் போனான்?"

கட்டுப்பாடு அமிர்தசாமிக்குத் தெரியாததா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, பேரவையில் இருந்தபோது, அதை எழுத்தில் கொண்டுவந்தவரே அவர்தான். தனக்கோடியின் மகள் கிணற்றில் கிடந்த அன்று, கோயில் வாசலில் நின்று, மணிக் கயிற்றைத் தொடக் கூடாது என்று சொன்னவர்.

சாவியோவின் அம்மா நடுவரிசையில் கிடக்கிறாள். அவள் பக்கத்தில் இன்னும் ஒரு குழிக்கு இடம் இருக்கிறது. போன வாரம்தான், கல்லறைத் திருநாளுக்கு, சாவியோ அந்தக் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தான்.

"சாமி" என்றார் அமிர்தசாமி. "அவன் மீன் புடிக்கப் போனான்."

"மீனா?" என்றார் சாமியார்.

"தூண்டில் போட. தண்ணிக்குள்ள எறங்கித்தான் போடணுமாம், அதான் ஷூவக் கழட்டியிருக்கான். அஞ்சு பத்து பஸ்ஸுக்குப் போனான். ஆறு இருவதுக்கு எறக்கம். ஆறரைல இருந்து எட்டு வரைக்கும்தான். எட்டேகால் பஸ்ஸுல திரும்பறதா இருந்தான். ஒம்போதரைக்கு லாட்ஜ். பத்தரைக்குக் கடையில இருந்திருப்பான்." சரக்கு ரயில் நேரம் ஒப்பிப்பதுபோல ஒரு எண் தவறாமல் சொல்லி வந்தவர், பத்தரை என்றதும் நின்றார். கம்பெனி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அவன் எடுக்கவில்லை. அது தாளிலேயே இருந்தது.

"இது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எழுதி வெச்சிருந்தான். பையில இருந்துச்சு."

"அந்தத் தாளக் காட்டுங்க. அது போதும்."

"எரிச்சிட்டேன்."

"ஏன்?"

"தங்கராசுவக் கேளுங்க சாமி" என்றார் அமிர்தசாமி. தங்கராசுவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து ஆமாம் சாமி, மீனுக்குத்தான் போனாரு என்றான். அமிர்தசாமியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். மத்தியானம் ஊர் முன்னால் வாய் திறக்காதவன் இப்போது சொல்வது, சொல்லிக்கொடுத்துச் சொல்வது போலவே இருந்தது. அமிர்தசாமிக்கே அப்படித்தான் கேட்டது.

தனக்கோடி தொண்டையைச் செருமினார்.

"எம்பொண்ணு தண்ணி சேந்தப் போயி வழுக்கி வுழுந்துட்டான்னுதான் நானும் சொன்னேன், அமிர்தசாமி. வாளி கெணத்துல மெதந்துச்சு. நீ நம்பல." குரலில் கோபம் இல்லை. "நான் இன்னிக்கி ஒண்ணும் சொல்லப்போறதில்ல. சாமி, இவரு புள்ளய உள்ள வெச்சாலும் எனக்குச் சம்மதம்தான். கேக்கறவங்களுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லிக்கங்க."

சாமியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். "வூட்டுலயே மந்திரிச்சுடறேன்" என்றார் கடைசியில். "கல்லறைக்கும் வரேன்."

அமிர்தசாமி கூடத்துக்கு வந்தார். லிசாவுக்குப் பக்கத்தில், முட்டி வலியோடு, தரையில் உட்கார்ந்தார். அவர் இப்படிப் பெண்கள் நடுவே தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"லிசா, அவன் சாவப் போகலம்மா. மீன் புடிக்கப் போனான். உனக்கு வர்க்கி வாங்கணும்னு எழுதி வெச்சிருந்தான். ஒம்போது அம்பதுக்கு."

அவள் நிதானமாக அவரைப் பார்த்தாள்.

"காலையில கேட்டேனே மாமா. துணிதான்னீங்க."

"பொய் சொன்னேம்மா."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, மாமா" என்றாள். "எனக்காக இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்."

மணி அடிக்கவில்லை. ஊர்வலம் கோயிலைத் தாண்டிப் போனபோது சிலர் அந்தப் பக்கம் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் கல்லறை மண் களியாகக் கிடந்தது. பின்சுவர் ஓரம் குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைக் குச்சியால் வழித்து வழித்து வெட்டியிருந்தார்கள். சாமியார் சுருக்கமாக ஜெபித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கையில் ஒட்டியதைச் சுவரில் துடைத்தார்கள். அமிர்தசாமி கடைசி ஆள் போகும்வரை நேராக நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

கேட்டுக்கு வெளியே லிசாவின் அண்ணன் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். உள்ளே அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்தது. எப்போது எடுத்து வைத்தார்கள் என்று அமிர்தசாமிக்குத் தெரியவில்லை. "அம்மா வூட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமா" என்றார் அண்ணன். "இருக்கட்டும்" என்றார் இவரும். லிசா ஏறி உட்கார்ந்தாள். அம்மா வீடு இருக்கும் திட்டக்குடிப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

ஆட்டோ நகரவில்லை. பின்சக்கரம் களியில் சுற்றிச் சேற்றை வாரியடித்தது. ஓட்டி வந்த அண்ணனே இறங்கிப் பார்த்துவிட்டு, "யாராச்சும் ஒரு கை குடுங்க" என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. தனக்கோடிகூடத் தெரு முனைக்குப் போய்விட்டிருந்தார்.

அமிர்தசாமி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வேட்டியை மடித்துக்கொண்டு ஆட்டோவின் பின்னால் போய், இரண்டு கையையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.