அண்ணி படிப்பை நிறுத்தப் போன நாள்

வகுப்பில் கல்யாணமானவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் அண்ணி. முன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறது. ராத்திரி முழுக்கச் சிணுங்கல். லாரி ஓட்டும் கணவன் வீட்டில் தங்குவதே அபூர்வம். மாமியார் தையல் ஆலையில் வேலை முடித்து மதியம்தான் வருவாள். அவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அண்ணி மதிய வகுப்புகளுக்கு எப்படியோ ஓடி வந்துவிடுவாள். காலை ஆய்வக வகுப்புதான் கை நழுவிப் போனது.

அன்று மதியம் ஆய்வக ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "வர இஷ்டமில்லன்னா எதுக்கும்மா சேர்ந்தே?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. நேராக மாணவர் நல அறைக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் படிப்ப விட்டு நின்னுக்கறேன்."

"நிக்கறது இருக்கட்டும், முதல்ல உட்காரு. கடைசியா எப்ப நல்லாத் தூங்கினே?"

யோசித்தாள். அழுகைதான் வந்தது.

அம்மாள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. உள்ளறைக் கட்டிலைக் காட்டினார். "கொஞ்சம் படு. எழுந்து வந்தும் இதையே சொன்னா, நானே அனுப்பி வைக்கிறேன்."

அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். விழித்தபோது அந்த அம்மாள் போனில் மல்லுக்கட்டுவது கேட்டது. "சோம்பேறி இல்ல சார், கைப்புள்ளக்காரி. மதிய பேட்ச்ல ஒரு இடம் குடுங்க, போதும்."

இடம் கிடைத்தது. ஆனால் விட்டுப்போன ஆய்வுகளைச் சனிக்கிழமைகளில் செய்து முடிக்க வேண்டுமாம்.

"அன்னிக்குக் குழந்தைய யார் பார்ப்பா மேடம்?"

"இங்க தூக்கிட்டு வா. அதுக்குள்ள என் சளி போயிருக்கணும்னு வேண்டிக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரியென்று தலையை ஆட்டினாள்.

வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டாள். "என்ன, நேத்து புலம்பின மாதிரி படிப்ப விடறேன்னு சொல்லிட்டு வந்துட்டியா?"

"இல்ல அத்தை. இந்த வருஷம் போய்ப் பாக்கறேன்."

மாமியார் பெருமூச்சு விட்டாள். "சரி, என் இடுப்பும் இந்த வருஷம் தாங்குதான்னு பாப்போம்." நீட்டவிருந்த குழந்தையைத் தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டாள். "போ, முகத்தக் கழுவிட்டுப் புத்தகத்த எடு. இவன் தூங்கற வரைக்கும்தான் உனக்கு நேரம்."