வியாழக்கிழமைத் துணை

ஹில்டா டீச்சர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். தலைமையாசிரியை வேலையிலிருந்து ரிட்டயராகி எட்டு வருஷம் ஆகிறது. அதட்டல் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை. அவள் சபையில் வயதான தம்பதிகளுக்கென்று 'மூத்தோர் ஊழியம்' என்று ஒன்று உண்டு. கணவனும் மனைவியுமாகப் பதினெட்டு மாதம் எங்காவது போய் ஜனங்களுக்கு உழைக்க வேண்டும். மற்றவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட் என்று மூட்டை கட்டினார்கள். டீச்சர் வீட்டுக்காரர் ஜெயசிங்குக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு என்பதால் இவர்களை அடையாறிலிருந்து ராயப்பேட்டைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அரைமணி நேரம். அதற்கே டீச்சர் கப்பலேறப் போகிறவள் மாதிரி தெரு முழுக்கச் சொல்லி விடைபெற்றாள்.

கிளம்புவதற்கு முன் சபையார் எதிரில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். ஊழியம் முடியும்வரை குடும்ப விசேஷங்களுக்குப் போவதில்லை என்பதுதான் அது. கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பினால் பதினெட்டு மாதத்தில் பாதி பந்தியிலேயே கழிந்துவிடும் அல்லவா? டீச்சர் அந்த வாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். விசேஷம் என்ன விசேஷம், சொந்தபந்தமே கிட்ட வரக்கூடாது! பாலவாக்கத்தில் இருக்கும் சொந்தத் தங்கை ரோசலினைப் பார்த்தே ஏழு மாதம் ஆயிற்று. போனில் பேசுவதோடு சரி. அதிலும் பேசுவது டீச்சர்தான்.

ராயப்பேட்டையில் ரூபீனா என்ற பெண், பைண்டிங் கடை மாடியில் ஓர் அறையை வைத்துக்கொண்டு, துணைக்கு ஆளில்லாத வயசாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் தொண்டர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கேதான் டீச்சருக்கும் ஜெயசிங்குக்கும் வேலை. மற்ற நாட்களில் அறையில் உட்கார்ந்து போன் எடுப்பார்கள்; வியாழக்கிழமை முழுநாளும் ஆஸ்பத்திரியில் இவர்கள் முறை. டீச்சர் வரிசையில் நிற்பாள், டாக்டரை மடக்கிக் கேள்வி கேட்பாள், யாரோ ஒரு பெரியவர் வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவுவாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைதான். அவர்கள் கையெடுத்துக் கும்பிடும்போது அவளுக்கு மனசு நிறைந்துபோகும். கூடப்பிறந்தவர்கள் கும்பிடவா போகிறார்கள்?

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ரோசலின் போன் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

“அக்கா, மார்புல கட்டின்னு சொன்னேன்ல. டெஸ்ட் வந்துடுச்சு. கேன்சர்தானாம். வர வியாழக்கிழமை அட்மிட் ஆகணும், மறுநாள் ஆபரேஷன். மூணு நாள் கூட ஒரு ஆள் இருக்கணுமாம். நீ வர்றியா?”

டீச்சருக்குத் தங்கைமேல் பாசம் இல்லாமலில்லை. வாயில் வந்தது வேறு. “வியாழக்கிழமை ஊழியம்டீ ரோசி. சபைக்கு முன்னாடி வாக்குக் குடுத்திருக்கேன். தினம் உனக்காக ஜெபம் பண்றேன். வேற யாரையாவது கேட்டுப் பாரேன்.”

“எனக்குப் பயமா இருக்குக்கா.”

“விசுவாசம் இருக்கிறவங்க பயப்படலாமா?” என்று சொல்லி டீச்சர் போனை வைத்தாள்.

பக்கத்தில் இருந்த ஜெயசிங் மெதுவாக வாயைத் திறந்தார். “போயிட்டு வந்துடலாமே ஹில்டா. உனக்கு டைபாய்டு வந்தப்ப ஒரு மாசம் லீவு போட்டு உன் காலடியிலயே கெடந்தவ அவ.”

“வாக்குன்னா வாக்குதான்.”

அவர் தண்ணீரை ஊற்றி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவர் பேச்சு அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் ரூபீனா ஒரு சீட்டை நீட்டினாள். “ஆன்ட்டி, நாளைக்குப் புது கேஸ் ஒண்ணு கீது. ஆபரேஷன். மூணு நாள் கூட இருக்கணும். அந்தம்மாவுக்கு யாருமே இல்லியாம், பாவம். உங்கள விட்டா யாரு கீறாங்க?”

சீட்டில் ரோசலின், வயது அறுபத்தொன்று, பாலவாக்கம் என்று எழுதியிருந்தது. டீச்சர் விலாசத்தை மூன்று தரம் படித்தாள்.

“இது என் தங்கச்சிம்மா.”

“கூடப்பொறந்த தங்கச்சியா? அப்ப இன்னாத்துக்கு எங்களுக்குப் போன் பண்ணாங்க?”

டீச்சர் வாக்கைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

“இன்னா ஆன்ட்டி நீங்க!” ரூபீனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “கல்யாணம் காட்சிக்குத்தானே போவக்கூடாதுன்னாங்க? போன வருசம் உங்க சர்ச்சுலேர்ந்து வந்த அங்கிள், அவங்க அண்ணன் ஐசியூல கெடந்தப்ப பத்து நாள் போய் இருந்துட்டு வந்தாரே! நோவுல கெடக்கறது விசேஷமா?”

அறுபத்தாறு வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட இன்னொன்று உள்ளே குத்தியது. வாக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டாளா? இல்லை, அப்படிப் புரிந்துகொள்வதுதான் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை இருவரும் பாலவாக்கம் போனார்கள். ரோசலின் கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பை கட்டித் தயாராக இருந்தது.

“வாங்க மேடம். ரூபீனா அனுப்பிச்சாங்களா?”

“என்னடீ ரோசி இது, மேடம் கீடம்னு?”

“வேற யாரையாவது கேளுன்னு நீங்கதானே சொன்னீங்க? கேட்டேன். அக்காவைக் கேட்டேன், கிடைக்கல. உங்க ஆபீஸ்ல கேட்டேன், ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க.”

ஆட்டோவில் ரோசலின், “அத்தான், நீங்க நடுவுல உட்காருங்க” என்றாள். அவருக்கு மட்டும் உறவு மிச்சம் இருந்தது. திருவான்மியூர் சிக்னலில் டீச்சர் அவரைத் தாண்டிக் குனிந்து, “தப்பு என்னோடதுதான் ரோசி. நான் வந்திருக்கணும்” என்றாள். இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து ஜெயசிங் கேட்டதே இல்லை.

“பரவாயில்லைங்க” என்றாள் ரோசலின்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள். அந்த 'ங்க' அவளைக் கொன்றது.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் எல்லாம் எழுதி முடித்துவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். “கூட இருக்கப்போறது நீங்கதானாம்மா? பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?”

“அக்கா” என்றாள் டீச்சர். “கூடப்பிறந்த அக்கா.”

“இல்ல சிஸ்டர்” என்று ரோசலின் அவசரமாக மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. “தொண்டர்னு போடுங்க. அக்கான்னு எழுதினா இவங்க வரமாட்டாங்க. எனக்கு மூணு நாளைக்கு ஆள் வேணும்.”

நர்ஸ் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொண்டர் என்று எழுதி, கையெழுத்துக்காகத் தாளை டீச்சர் பக்கம் திருப்பினாள்.