பதிவேட்டின் ஓரத்தில் நான்கு மினுக்கல்

மருந்துக் கிடங்கின் காவலாளிக்குச் சுமை இறக்குபவர்கள் வைத்திருந்த பெயர் 'ரெண்டுதரம்'. பூட்டியவுடன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்தபின் திரும்பி வந்து இன்னொருமுறை இழுப்பார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரச் சிறிது பெருமையும் இருந்தது. அதனால்தான் அன்று காலை மேலாளர் சொன்ன சொல் அவரைச் சுட்டது.

"பார்க்காமலே எழுதியிருக்கீங்க."

குளிர் அறைக்கு வெளியே, சுவரில், சோப்புப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி உண்டு. உள்ளே சூடு ஏறினாலோ, கதவை யாரேனும் உடைத்தாலோ, அது இணையம் வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குச் சேதி சொல்லும். அதன் முகத்தில் மேலும் கீழுமாக மூன்று விளக்குகள். மேல்விளக்கு மின்சாரத்துக்கு. நடுவிளக்கு பச்சையாக எரிந்தால் சேதி போய்ச் சேருகிறது. சிவப்பாக எரிந்தால் போகவில்லை. கீழ்விளக்கு வழக்கமாக அணைந்தே இருக்கும். காலை எட்டு, நண்பகல், மாலை ஆறு என்று நாளுக்கு மூன்று வேளை நடுவிளக்கைப் பார்த்துப் பதிவேட்டில் 'நிறம்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

நேற்றிலிருந்து உங்கள் கருவி பேசவே இல்லை என்று நிலையத்திலிருந்து காலையில் தொலைபேசி வந்தது. பதிவேட்டிலோ நேற்று மூன்று வேளையும், இன்று காலையும், அழகிய கையெழுத்தில் 'பச்சை' என்றே இருந்தது. இப்போது நடுவிளக்கு சிவப்பாக எரிவதை மேலாளர் இன்னும் பார்க்கவில்லை. அவர் தம் அறையில், பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, கோபத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுதுவதற்காக மட்டும் ஓர் ஆளை வைத்திருக்க முதலாளி சம்மதிக்க மாட்டார் என்றார். தொலைபேசியைக் காவலாளியிடம் நீட்டி, நிலையத்துப் பெண் கேட்பதற்குப் பதில் சொல்லும்படி அனுப்பினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், திறந்த கதவு வழியே அவருக்கும் எல்லாம் கேட்டது.

காவலாளி கருவியின் முன் போய் நின்றார். பார்க்காமல் அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்தபோது தூரத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள், படித்தார். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கருவியை மாட்டியவன், "இதோ, பச்சையா எரியுதுல்ல, இப்படியே இருக்கணும்" என்றான். அன்று முதல் அது பச்சைதான். விஷயம் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரே. "பழுத்த தக்காளியை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறீங்க, கடைக்காரர் என்னை முறைக்கிறார்" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள்.

"அண்ணே, நடுவுல இருக்கிற விளக்கு என்ன நிறம்?" என்று கேட்டது இளம் குரல்.

"பச்சைம்மா."

அவள் நம்பாமல் இன்னொருமுறை கேட்டாள். அவரும் அதையே சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பச்சை என்றால் தனக்குச் சேதி வந்தாக வேண்டும், வராததால் கருவியே பழுதென்று எழுத வேண்டியதுதான் என்றாள் அவள். புதியது வர மூன்று நாளாகும். அதுவரை குளிர் அறையில் இருக்கும் குழந்தைகளின் தடுப்பு மருந்து முழுவதையும் வேறு கிடங்குக்கு ஏற்றி அனுப்பிவிடுவது நல்லது என்றும் சொன்னாள்.

வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. அந்த மருந்து வண்டியில் ஏறி இறங்கினால் எத்தனை குப்பி தேறும் என்பது காவலாளிக்குத் தெரியும். தாம் பார்த்ததை நிலைநாட்ட வேண்டுமென்றால், பார்த்தும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்காத காவலாளிக்கும் வேலையில்லை. பார்த்தும் தெரியாத காவலாளிக்கும் வேலையில்லை. அவர் கதவுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா, எழுதாதே. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இது பச்சைன்னு நானா நினைச்சுச் சொல்றது."

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரிண்ணே, நிறத்தை விட்டுடுவோம்" என்றாள் நிலையத்துப் பெண். "கீழ்விளக்கு மினுக்குதா?"

"நாலு தரம் மினுக்கும். கொஞ்சம் நிக்கும். திரும்பவும் நாலு."

"எப்போலேர்ந்து?"

"நேத்து மத்தியானம் பார்க்கும்போதே அப்படித்தான். நடுவிளக்கும் அப்போதிருந்து மங்கல். நேத்துக் காலையில எட்டு மணிக்கு மங்கலும் இல்லை, மினுக்கலும் இல்லை. ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன்."

மேலாளர் பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டத்துக்கு வெளியே, கடுகளவு எழுத்தில், வேளை தவறாமல் எழுதியிருந்தது: 'நடு மங்கல். கீழ் 4.' இன்று காலைக்கும் இருந்தது.

நான்கு மினுக்கல் என்றால் கருவி நன்றாகத்தான் இருக்கிறது, இணையக் கேபிள்தான் கழன்றிருக்கிறது என்று அந்தப் பெண் உற்சாகமாக விளக்கினாள். நேற்று எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் அங்கே யாராவது எதையாவது மாற்றினார்களா என்றும் கேட்டாள்.

மேலாளர் தம் மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்த புதிய பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. அதைச் செருக இடம் வேண்டி, அறையிலிருந்த இணைய ரூட்டரிலிருந்து ஒரு கேபிளைச் சும்மா கிடப்பதென்று எண்ணிப் பிடுங்கியவர் அவரேதான். அலமாரிக்குப் பின்னால் குனிந்து, தூசி படிந்த அந்த முனையைத் தேடி எடுத்து, பிரிண்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு அதைச் செருகினார்.

ஒரு நிமிடம் கழித்துக் கீழ்விளக்கு ஓய்ந்தது. காவலாளி கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினார்.

"வந்திடுச்சுண்ணே."

அவர் மறுபடியும் அழுத்தினார்.

"அதுவும் வந்திடுச்சு" என்று அவள் சிரித்தாள்.

மேலாளர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்த இடத்தில் என்ன வைப்பதென்று தெரியாத திகைப்பு இருந்தது.

"நேத்தே ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"வந்தேன் சார். பிரிண்டரோட போராடிக்கிட்டிருந்தீங்க. அப்புறம் எனக்கே பயம் வந்திடுச்சு. சொன்னா, விளக்கு என்ன நிறம்னு கேப்பீங்களே. அது என் தப்புதான்."

மேலாளர் தலையசைத்தார். மேசைக்குப் போய் அளவுகோலை வைத்து, 'நிறம்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். அதன்மேல் 'மினுக்கல் எத்தனை, வெளிச்சம் எப்படி' என்று எழுதினார். பதிவேட்டையும் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் காவலாளியிடம் நீட்டினார்.

"ஓரத்துல இருக்கிறதை உள்ளே எழுதுங்க. மையில எழுதுங்க. முதலாளி கேட்டா, கேபிளைப் பிடுங்கினது யாருன்னு நான் சொல்லிக்கிறேன்."

காவலாளி நின்றபடியே எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அனுமதி கேட்டு அறைக்குள் போய், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளை மெல்ல இழுத்துப் பார்த்தார். வாசல்வரை வந்தவர் திரும்பினார். மேலாளர், தம் நாற்காலியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டார்.